குழுவில் போடும் வியாபாரச் செய்தி: எழுதுவது எப்படி?



கடை வாடகை, அட்வான்ஸ், பெயர்ப் பலகை என்று எதுவும் இல்லாமல் நம் மஹல்லாவில் இன்று பல வீடுகளில் வியாபாரம் நடக்கிறது. ஒரு வீட்டில் தையல், ஒரு வீட்டில் மசாலாப் பொடி, ஒரு வீட்டில் ஊறுகாய், ஒரு வீட்டில் ஜவ்வரிசி வத்தல். இவர்களுக்கெல்லாம் கைப்பேசிதான் கடை. வாட்ஸ்அப் குரூப்பும் முகநூல் குழுவும்தான் கடைத்தெரு. கணவரை இழந்த சகோதரிகளும், வயதான பெற்றோரை விட்டு வெளியே போக முடியாதவர்களும் இதை நம்பியே தொழிலில் இறங்குகிறார்கள்.

ஆனால் இறங்கிய பலர் இரண்டு மூன்று மாதத்தில் நிறுத்திவிடுவதையும் பார்க்கிறோம். காரணம் கேட்டால், "குரூப்பில் தினமும் போட்டேன், யாரும் வாங்கவில்லை" என்பார்கள். பொருளில் குறை இருக்காது. விலையும் நியாயமாகவே இருக்கும். குறை, சொன்ன விதத்தில் இருக்கிறது. சிறு முதல் போட்டவருக்கு முதல் சரக்கு தேங்கினால் அடுத்த சரக்கு வாங்கப் பணம் இருக்காது. ஆகவே ஒரு செய்தியை எப்படி எழுதுவது என்பது இவர்களைப் பொறுத்தவரை தொழில் நிற்குமா நிலைக்குமா என்ற கேள்வி. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சகோதரியின் பத்து நாள்

ஒரு சகோதரி வத்தல் போட்டு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்குத் தன்னிடம் உள்ள எல்லாக் குரூப்பிலும் செய்தி போடுகிறார்: "சூப்பர் வத்தல்!! நம்பர் ஒன் தரம்!! சீக்கிரம் ஆர்டர் பண்ணுங்க!! விலைக்குத் தனியாக மெசேஜ் செய்யவும்." கூடவே பதினான்கு படங்கள். மறுநாளும் அதே செய்தி. அதற்கு மறுநாளும் அதே.

முதல் நாள் நான்கு பேர் பார்த்துவிட்டுக் கட்டைவிரல் காட்டுகிறார்கள். மூன்றாம் நாள் யாரும் திறப்பதில்லை. ஆறாம் நாள் ஒரு ஜனாஸா அறிவிப்பு வருகிறது. அதற்கு அடியிலேயே இவருடைய வத்தல் படம் வந்து விழுகிறது. ஒரு பெரியவர் கடிந்துகொள்கிறார். பத்தாம் நாள் அட்மின் இவரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிடுகிறார். சகோதரிக்கு மனம் உடைகிறது: "நம்ம ஜனங்களே நமக்கு உதவுவதில்லை."

உதவ மனம் இல்லாமல் இல்லை. அந்தச் செய்தியில் வாங்குகிறவருக்கு வேண்டிய ஒன்றும் இல்லை. என்ன வத்தல், எவ்வளவு எடை, என்ன விலை, எங்கே கிடைக்கும், யார் செய்தது என்று எதுவும் தெரியவில்லை. "நம்பர் ஒன் தரம்" என்பதைச் சொல்லாத வியாபாரியும் இல்லை, அதைக் கேட்டு நம்புகிற வாடிக்கையாளரும் இல்லை.

குரூப் என்பது நான்கு பேர் உட்கார்ந்து பேசும் திண்ணை. திண்ணையில் பேச்சுக்கு நடுவே ஒருவர் எழுந்து நின்று தினமும் ஒரே வாசகத்தைக் கத்திவிட்டுப் போனால், நாம் எப்படி முகத்தைத் திருப்புவோமோ அப்படித்தான் இங்கும் திருப்புகிறார்கள். அதே திண்ணையில் தினமும் வந்து நலம் விசாரித்து, கேட்டதற்குப் பதில் சொல்லி, கையில் இருப்பதைப் பகிர்ந்துகொள்கிறவர் ஒரு நாள் "நான் இப்படி ஒன்று செய்து விற்கிறேன்" என்று சொன்னால் எல்லோரும் காது கொடுப்பார்கள்.

இரண்டு உண்மைச் சம்பவங்கள்

இது புதிய பிரச்சினை இல்லை. இணையத்தில் யூஸ்நெட் என்று ஒன்று இருந்தது. வாட்ஸ்அப், முகநூல் எல்லாம் வருவதற்கு முன்பே, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குழுவாக ஆயிரக்கணக்கான குழுக்களில் மக்கள் அதில் உரையாடினார்கள். 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் தம்பதி, லாரன்ஸ் கேன்டரும் மார்த்தா சீகலும், கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை அந்தக் குழுக்களில் ஆயிரக்கணக்கானவற்றில் ஒரேயடியாகப் போட்டார்கள். கணினி பற்றிப் பேசும் குழுவிலும் அது வந்தது, சமையல் பற்றிப் பேசும் குழுவிலும் வந்தது. கோபமான கண்டனக் கடிதங்கள் வந்து குவிந்ததில் அவர்களுக்கு இணைய இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் கணினிகளே திணறின. நிறுவனம் அவர்களுடைய இணைப்பைத் துண்டித்தது. வேண்டாத விளம்பரத்துக்கு "ஸ்பேம்" என்ற பெயர் உலகம் முழுக்கப் பரவியதில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தங்களுக்கு நல்ல வருமானம் வந்ததாக அந்தத் தம்பதி சொல்லிக்கொண்டார்கள். ஆனால் 1997ல் டென்னசி மாநிலம் கேன்டரின் வழக்கறிஞர் உரிமத்தைப் பறித்தபோது, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இந்த விளம்பரமும் ஒன்று. வந்த பணம் எவ்வளவாக இருந்தாலும், போன பெயர் திரும்பவில்லை.

இன்னொரு சம்பவம் நம் தமிழ்நாட்டுக்காரருடையது. திருச்சியைச் சேர்ந்த கிரீஷ் மாத்ருபூதம் சென்னையில் ஸோஹோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அமெரிக்காவிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, கப்பலில் அனுப்பிய அவருடைய டிவி உடைந்த நிலையில் வந்து சேர்ந்தது. இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் போனும் மின்னஞ்சலுமாக அலைந்தார், பலன் இல்லை. கடைசியில், வெளிநாட்டிலிருந்து இந்தியா திரும்புகிறவர்கள் கூடிப் பேசும் ஒரு இணையக் குழுவில் நடந்ததை நடந்தபடி விவரமாக எழுதினார். அந்தக் குழுவில் இருந்தவர்கள்தான் அந்த நிறுவனத்தின் அடுத்த வாடிக்கையாளர்கள். நிறுவனத்தின் தலைவரே அங்கே வந்து மன்னிப்புக் கேட்டார். பணமும் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளர் ஒரு குழுவில் எழுதும் ஒரு பதிவுக்கு எவ்வளவு பலம் என்பதை அவர் அனுபவத்தில் கண்டார்.

2010ல் "ஹேக்கர் நியூஸ்" என்ற இன்னொரு கலந்துரையாடல் குழுவில் ஒரு பதிவைப் படித்தார். வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க உதவும் மென்பொருள் ஒன்றின் விலையை ஒரு நிறுவனம் கடுமையாக உயர்த்திவிட்டதாக அங்கே பலர் வருத்தப்பட்டிருந்தார்கள். "இதைச் சரியான விலைக்குச் செய்து கொடுக்க ஒருவருக்கு வாய்ப்பு இருக்கிறது" என்ற பொருளில் ஒருவர் கருத்து எழுதியிருந்தார். அந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டு வந்து, சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2011ல் மென்பொருள் தயாரானதும் அதே குழுவுக்குத் திரும்பி வந்தார். "என் பொருளை வாங்குங்கள்" என்று எழுதவில்லை. இந்தக் குழுவில் வந்த ஒரு சிறு கருத்து தன்னை எப்படித் தொழில் தொடங்க வைத்தது என்ற கதையை, உடைந்த டிவியிலிருந்து ஆரம்பித்து எழுதினார். அது பரவலாகப் படிக்கப்பட்டது. பின்னாளில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறிய அந்த நிறுவனம் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

ஒரு பதிவினால் மட்டும் அந்த நிறுவனம் வளர்ந்தது என்று சொல்ல வரவில்லை. கேன்டர் குழுவை ஒரு சுவராக நினைத்துச் சுவரொட்டி ஒட்டினார். கிரீஷ் முதலில் குழுவில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்டார், அவர்களுடைய சிரமம் என்ன என்று புரிந்துகொண்டார், பிறகுதான் பேசினார். வத்தல் விற்கும் நம் சகோதரிக்கு இதில் பாடம் இருக்கிறது.

முதலில் கடைத்தெருவைப் பாருங்கள்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அவர்கள் அதற்காக துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார்கள். வெறும் கையோடு போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் சம்பாதித்துத் திரும்பினார்கள். இந்த வரலாறு நாம் அனைவரும் பயானில் கேட்டதுதான். உதவி கேட்பதற்கு முன் கடைத்தெருவை அறிந்துகொள்வது என்ற பாடமும் அதில் இருக்கிறது.

எந்தக் குரூப்பாக இருந்தாலும், சேர்ந்தவுடன் விற்கத் தொடங்காதீர்கள். இரண்டு வாரம் கவனியுங்கள். அங்கே மக்கள் என்ன கேட்கிறார்கள்? எந்த நேரத்தில் பேசுகிறார்கள்? வியாபாரச் செய்தி போட அனுமதி உண்டா? குரூப்பின் விவரப் பகுதியில் விதிகள் எழுதியிருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் அட்மினிடம் தனியாகக் கேளுங்கள்.

பள்ளிவாசல் குரூப்பில் பாங்கு நேரம், ஜனாஸா அறிவிப்பு, இரத்தம் தேவை என்ற வேண்டுகோள் ஆகியவை வரும். அங்கே வியாபாரம் வேண்டாம். பள்ளிவாசலுக்குள் வாங்கல் விற்றலை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அந்தக் குரூப்பும் பள்ளிவாசலின் ஒரு நீட்சி என்று நினைத்துக்கொண்டால் போதும். பிள்ளைகளின் பள்ளிக்கூட குரூப்பும் அப்படியே. தெருக்காரர்களின் குரூப், சமையல் குழு, பழைய மாணவிகள் குரூப், ஊர்ச் சந்தைக் குழு ஆகியவைதான் நமக்கு ஏற்றவை. ஐம்பது குரூப்பில் யாரென்றே தெரியாதவராக இருப்பதைவிட மூன்று குரூப்பில் தெரிந்தவராக இருப்பது மேல்.

விற்காத நாளில் என்ன எழுதுவது?

பத்துச் செய்தி போட்டால் ஒன்றுதான் நம் வியாபாரத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று ரெடிட் என்ற உலகளாவிய கலந்துரையாடல் தளத்தில் நெடுங்காலம் ஒரு வழக்கம் இருந்தது. கணக்குப் பார்த்து எண்ண வேண்டியதில்லை. நம் பேச்சில் பெரும்பகுதி மற்றவர்களுக்குப் பயன்படுவதாக இருந்தால் போதும்.

நம்மிடம் சொல்ல என்ன இருக்கிறது என்று தயங்க வேண்டாம். ஆத்தூர் வட்டாரத்தில் மரவள்ளிக்கிழங்கு விளைகிறது. சுற்றிலும் ஜவ்வரிசி ஆலைகள் இருக்கின்றன. சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. வெளியூரில் இருப்பவருக்குத் தெரியாத பல விஷயங்கள் நம் வீட்டுப் பெண்களுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். யாராவது ஒருவர், "நான் போட்ட வத்தல் பொரியவே மாட்டேன் என்கிறது, ஏன்?" என்று கேட்டால், இப்படிப் பதில் எழுதலாம்:

"உள்ளே ஈரம் இருந்தால் பொரியாது. ஒன்றை ஒடித்துப் பாருங்கள். 'டக்' என்று ஒடிய வேண்டும், வளையக் கூடாது. வளைந்தால் இன்னும் ஒரு வெயில் காயவையுங்கள். எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். அடுத்த முறை கூழ் காய்ச்சும்போது உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். காய்ந்ததும் கரிப்பு கூடிவிடும்."

இதில் விற்பனை எதுவும் இல்லை. ஆனால் படித்தவர்கள் மனதில் ஒன்று பதிகிறது: இவருக்கு வத்தலைப் பற்றித் தெரியும். இப்படி நான்கு பதில் எழுதிய பிறகு, "நானும் போட்டு விற்கிறேன்" என்று அவர் ஒரு வரி சொன்னால் அதற்கு மதிப்பு வந்துவிடும். "எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் யார் வாங்குவார்கள்?" என்று பயப்பட வேண்டாம். செய்முறை தெரிந்தாலும் வெயிலில் காவல் காக்க எல்லோருக்கும் நேரமும் மாடியும் இல்லை.

விற்கும் செய்தியில் இருக்க வேண்டியவை

இப்போது விற்கும் செய்திக்கு வருவோம். மேலே பார்த்த சகோதரி அதே வத்தலை இப்படி எழுதலாம். விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். வீட்டில் போட்ட ஜவ்வரிசி வத்தல் 6 கிலோ இருக்கிறது. ஜவ்வரிசி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு மட்டும், நிறப்பொடி சேர்க்கவில்லை. மூன்று நாள் மாடி வெயிலில் காய்ந்தது. கால் கிலோ 90 ரூபாய், அரை கிலோ 170. இந்த முறை ஒரு நாள் மேகமாக இருந்ததால் சில வில்லைகளின் ஓரம் வெடித்திருக்கிறது; பொரிப்பதில் குறை இல்லை, பார்வைக்குத்தான். காரம் நடுத்தரம், குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியலாம். ஆத்தூருக்குள் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு என் மகன் கொண்டுவந்து தருவான். வேண்டியவர்கள் வியாழன் இரவுக்குள் சொல்லுங்கள்."

கூடவே இரண்டு படம் போதும். ஒன்று காய்ந்த வத்தல், ஒன்று பொரித்தது. இரண்டும் சொந்தமாக, பகல் வெளிச்சத்தில் எடுத்தவையாக இருக்கட்டும். இணையத்திலிருந்து எடுத்த அழகான படத்தைப் போட்டால், பொருள் கைக்கு வரும் நாளில் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தச் செய்தியில் ஐந்து விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள்.

ஒன்று, முதல் வரியிலேயே பொருள் வந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் நீளமான செய்தியின் பிற்பகுதி மடங்கி நிற்கும். திறந்து படிக்கலாமா வேண்டாமா என்பதை முதல் இரண்டு வரியே முடிவு செய்கிறது.

இரண்டு, விலை வெளிப்படையாக இருக்கிறது. "விலைக்குத் தனியாகக் கேளுங்கள்" என்றால் பாதிப்பேர் கேட்க மாட்டார்கள். கேட்டுவிட்டு வாங்காமல் போனால் தவறாக நினைப்பார்களோ என்ற கூச்சம் நம் மக்களுக்கு அதிகம். ஆளுக்கு ஒரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகமும் வரும்.

மூன்று, அளவு இருக்கிறது. "6 கிலோ இருக்கிறது" என்பது உண்மையான அவசரம். "சீக்கிரம், சீக்கிரம்" என்பது போலி அவசரம்.

நான்கு, எப்போது, எப்படிக் கிடைக்கும் என்று இருக்கிறது. படிப்பவர் மறுகேள்வி கேட்காமலேயே முடிவெடுக்கலாம்.

ஐந்து, குறை சொல்லப்பட்டிருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

குறையைச் சொன்னால் விற்குமா?

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போனபோது கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்தச் செய்தி நமக்கெல்லாம் தெரிந்ததுதான். அந்த வியாபாரி தானியத்தை நனைக்கவில்லை, மழை நனைத்தது. நனைந்ததை அடியில் மறைத்ததுதான் குற்றமாயிற்று.

நம் கைப்பேசிக் கடையில் வாங்குபவரால் கையை உள்ளே விட்டுப் பார்க்க முடியாது. ஆகவே ஈரமானதை மேலே எடுத்து வைக்கும் பொறுப்பு முழுவதும் எழுதுபவர் மீது விழுகிறது. துணியின் நிறம் படத்தில் கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறதா, சொல்லிவிடுங்கள். முதல் துவைப்பில் சாயம் போகுமா, அதையும் சொல்லிவிடுங்கள். வாங்கி இருவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்றும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்றும் ஹதீஸில் வருகிறது. இம்மையிலும் கணக்கு அப்படித்தான் வருகிறது. குறையைத் தானே சொன்ன ஒருவர் நிறையைச் சொல்லும்போது அதை நம்ப முடிகிறது.

ஹதீஸ் நூல்களில் வியாபாரப் பாடத்தைப் படித்தால், இன்றைய குரூப்புகளுக்காகவே சொன்னது போல இன்னும் சில வழிகாட்டல்கள் கிடைக்கின்றன.

நஜ்ஷ் என்ற ஒன்றை மார்க்கம் தடுத்திருக்கிறது. வாங்கும் எண்ணமே இல்லாதவர், விலையை ஏற்றுவதற்காக வாங்குபவர் போல நடிப்பது அது. நம் நாத்தனாரையும் தோழியையும் விட்டு, "நான் வாங்கினேன், சூப்பர், எனக்கு இன்னும் ஒரு கிலோ" என்று குரூப்பில் எழுதச் சொல்வது இதற்கு வெகு தூரத்தில் இல்லை. உண்மையிலேயே வாங்கியவர் எழுதட்டும். வாங்காதவரை எழுத வைக்க வேண்டாம். போலிப் பாராட்டுகளின் தொல்லை பெரிதாகி, 2022ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணையத்தில் வரும் வாடிக்கையாளர் மதிப்புரைகளுக்காகவே ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட வேண்டியதாயிற்று.

ஒரு சகோதரர் வியாபாரம் பேசிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் வியாபாரம் பேசக் கூடாது என்பது இன்னொரு வழிகாட்டல். ஒருவர் போட்ட செய்திக்கு அடியிலேயே, "என்னிடம் இதைவிடக் குறைவு" என்று எழுதுவதை நாம் தினமும் பார்க்கிறோம். நம் செய்தியை வேறொரு நாள் தனியாகப் போடலாமே. ரிஸ்க்கைத் தருபவன் அல்லாஹ்.

சத்தியம் செய்து விற்றால் சரக்கு போகும், பரக்கத்தும் போய்விடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. "வல்லாஹி, இதைப் போல எங்கும் கிடைக்காது" என்று விளம்பரத்தில் அல்லாஹ்வின் பெயரை இழுக்க வேண்டாம்.

நாட்டுச் சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதும் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரம். "சர்க்கரை நோய் குணமாகும்" என்று ஒரு பொடியை விற்பது மார்க்கத்துக்கும் சட்டத்துக்கும் ஒருசேர விரோதம். உணவுப் பொருள் விற்பவர்கள், வீட்டில் செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவு செய்துகொள்ள வேண்டும். கிடைக்கும் 14 இலக்க எண்ணைச் செய்தியின் கடைசியில் போட்டுவிட்டால் நம்பிக்கையும் கூடும்.

செய்தி போட்ட பிறகு

போட்டுவிட்டுக் காணாமல் போகாதீர்கள். முதல் இரண்டு மணி நேரம் பதில் சொல்லத் தயாராக இருக்கும்போது மட்டும் போடுங்கள். பொதுவான கேள்விக்குக் குரூப்பிலேயே பதில் சொல்லுங்கள். முகவரி, பணம் பற்றியதெல்லாம் தனியாக. சரக்கு தீர்ந்ததும், "தீர்ந்துவிட்டது, ஜஸாக்கல்லாஹு கைரன்" என்று ஒரு வரி போடுங்கள். அடுத்தவர் கேட்டு ஏமாற மாட்டார்.

யாராவது குரூப்பில் குறை சொன்னால் அங்கேயே சண்டைக்குப் போகாதீர்கள். செய்தியை நீக்கச் சொல்லி அட்மினிடமும் போகாதீர்கள். "தவறு எங்கள் பக்கம் என்றால் பணம் திருப்பித் தருகிறோம், இப்போதே பேசுகிறேன்" என்று அதே இடத்தில் எழுதுங்கள். பார்த்துக்கொண்டிருக்கும் நூறு பேருக்கு அதுதான் உங்களைப் பற்றிய நற்சான்று. மேலே பார்த்த டிவி சம்பவத்தில் அந்த நிறுவனத்தின் தலைவர் கடைசியில் செய்ததும் அதுதான். மாதக்கணக்கில் தாமதித்துச் செய்தார். நாம் அன்றே செய்யலாம்.

அதே செய்தியை வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்காதீர்கள்; ஃபார்வர்டும் செய்யாதீர்கள். மேலே "ஃபார்வர்டு" என்ற அடையாளம் விழுந்த செய்தியை யாரும் உங்கள் வார்த்தையாக எடுத்துக்கொள்வதில்லை. வதந்திகள் பரவியதால் 2018லிருந்து இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய வாட்ஸ்அப் விடுவதில்லை. அறிமுகம் இல்லாத எண்களுக்கெல்லாம் மொத்தமாகச் செய்தி அனுப்பினால் உங்கள் எண்ணையே முடக்கிவிடவும் கூடும். பிராட்காஸ்ட் பட்டியல் வைத்து அனுப்பினாலும், உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே வாங்கியவர்களிடம், "என் எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள், அடுத்த முறை போடும்போது சொல்கிறேன்" என்று கேட்டு வாங்கிய சம்மதமே நிலையான வழி.

சகோதரிகளின் கவனத்துக்கு

ஒரு குரூப்பில் செய்தி போட்டால் அதில் உள்ள எல்லோருக்கும் உங்கள் எண் தெரியும். ஆகவே வியாபாரத்துக்குத் தனி சிம் வைத்துக்கொள்வது நல்லது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். அதில் பொருள், விலைப் பட்டியலைப் போட்டு வைக்கலாம். முகப்புப் படமாகப் பொருளின் படத்தை வையுங்கள். பின்னணியில் வீட்டு வாசல், பிள்ளைகள், பள்ளிச் சீருடை தெரியும்படி படம் எடுக்காதீர்கள். முழு முகவரியைக் குரூப்பில் எழுதாதீர்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "பத்து கிலோ வேண்டும், பணம் அனுப்புகிறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்று ஒருவர் கேட்டால், அவர் வாடிக்கையாளர் இல்லை. பணம் பெறுவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, யு.பி.ஐ. பின்னும் தேவையில்லை, பின் போட்டாலே நம் கணக்கிலிருந்துதான் பணம் போகும். "பணம் அனுப்பிவிட்டேன்" என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கைக் கொடுக்காமல், நம் கணக்கில் ஏறியதா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

வாங்குகிறவர்களுக்கும் கடமை உண்டு. "எனக்கு இரண்டு கிலோ" என்று எழுதிவிட்டுப் பிறகு போனை எடுக்காமல் இருப்பது அந்தச் சிறு முதலை முடக்கிவிடும். வேண்டாம் என்றால் உடனே சொல்லிவிடுங்கள். பொருள் வந்த அன்றே பணம் கொடுங்கள். தெரிந்தவர்கள்தானே என்று மாதக் கடன் சொல்லாதீர்கள். நன்றாக இருந்தால் கட்டைவிரல் காட்டுவதோடு நிறுத்தாமல், எது நன்றாக இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரி அவருக்குப் பத்து விளம்பரத்துக்குச் சமம்.

அட்மின்களாக இருப்பவர்கள் வாரத்தில் ஒரு நாளை வியாபாரச் செய்திக்கென்று ஒதுக்கலாம். அல்லது மஹல்லாவின் வியாபாரத்துக்கென்று தனிக் குரூப் ஒன்று தொடங்கலாம். விதி தெரியாமல் செய்தி போட்டவரை உடனே நீக்குவதற்கு முன், தனியாக ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அந்தச் செய்திக்குப் பின்னால் ஒரு வீட்டின் அடுப்பு இருக்கலாம்.

மேலே சொன்ன சகோதரி பத்து நாளில் செலவழித்தது பத்துச் செய்தியும் நூற்று நாற்பது படமும். அதற்குப் பதிலாக, பொரியாத வத்தலுக்கு ஒரு பதில், உண்மையோடு ஒரு விற்பனைச் செய்தி, சொன்ன வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்தில் ஒரு பொட்டலம் என்று தொடங்கியிருந்தால் முதல் வாரம் ஆறு பேர்தான் வாங்கியிருப்பார்கள். ஆனால் அந்த ஆறு பேரும் அடுத்த வாரம், "இன்னும் இருக்கிறதா?" என்று தாங்களாகவே கேட்டிருப்பார்கள்.

அல்லாஹ் நம் வியாபாரங்களில் ஹலாலையும் பரக்கத்தையும் தருவானாக. நம் நாவையும், நம் விரல் எழுதுவதையும் உண்மையில் நிலைக்கச் செய்வானாக. ஆமீன்.